அந்த 20 சதவீதத்தை இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?

கறார்பேர்வழி:
நேற்று தராசுமுள் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "அடிதடிக்காரனோ திருடனோ, யாரையும் சிறையில் போட்டுப் பயனில்லை. நார்வேயில் வெளியே வந்தவர்களில் 20 சதவீதம்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள். அமெரிக்காவில் 76.6. கணக்கு முடிந்தது." இதுதான் அவர் திருவாய் மலர்ந்தது. முடியவில்லை ஐயா, தொடங்கவே இல்லை. அந்த 20 என்பது இரண்டு வருஷத்துக்குள் மறுபடி தண்டனை வாங்கியவர்கள். அந்த 76.6 என்பது 2005இல் 30 மாநிலங்களின் சிறைகளிலிருந்து வெளியே வந்து, ஐந்து வருஷத்துக்குள் மறுபடி கைதானவர்கள். கைதானவன் எல்லாம் தண்டனை வாங்கியவனா? ஒருத்தன் உயரத்தையும் இன்னொருத்தன் எடையையும் வைத்து யார் பெரியவன் என்று கேட்கிறார்.

தராசுமுள்:
மூன்று வருஷக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், 76.6 வந்த அதே அமெரிக்க அறிக்கையில் 67.8. அப்போதும் இடைவெளி இடைவெளிதானே? நான் பேச வந்தது மாற்று வழிகளைப் பற்றி. கனடாவில் எல்மைரா என்ற ஊரில் 1974இல் இரண்டு இளைஞர்கள் போதையில் ஒரே ராத்திரியில் 22 பேருடைய உடைமைகளை நாசம் செய்தார்கள். நன்னடத்தை அதிகாரி அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்கே கூட்டிப் போனார். முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், சில மாதங்களில் நஷ்டஈட்டையும் கட்டி முடித்தார்கள். உள்ளே தள்ளியிருந்தால் அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

கறார்பேர்வழி:
67.8உம் கைதுதான். தண்டனை அல்ல. மறுபடி படியுங்கள்.

ஊர்க்குருவி:
எங்கள் வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது. பொருள் போனது பெரிதில்லை. ஆறு மாதம் அம்மா விளக்கை அணைக்காமல் படுத்தார். அவனை ஓர் அதிகாரி கூட்டிவந்து காலிங்பெல் அடித்தால் நான் கதவைத் திறக்க வேண்டுமாம். நல்லாயிருக்கு.

தராசுமுள்:
இஷ்டமில்லை என்றால் திறக்க வேண்டாம். இப்போது நடக்கிற சந்திப்புகளில் பாதிக்கப்பட்டவர் சம்மதம் கேட்காமல் நடத்தக் கூடாது என்பதுதான் நெறி.

நெய்தல்:
எல்மைராவில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. கண்ணாடியை உடைத்தவனும் மண்டையை உடைத்தவனும் ஒன்றா? வன்முறை என்று எதைச் சொல்கிறோம் என்று யாராவது முதலில் சொல்லுங்கள். ஆளில்லாத வீட்டின் பூட்டை உடைப்பது எதில் சேரும்?

கறார்பேர்வழி:
அது அப்புறம். முதலில் 20க்குப் பதில் வரட்டும்.

யாழ்ப்பறவை:
அது நோர்வே, நார்வே இல்லை. இன்னொண்டு, சிறைக்கு மாற்று எண்டு சொல்லிப்போட்டு சிறையையே உதாரணம் காட்டுறியள். நோர்வேயில 2010இல திறந்த ஹால்டன் சிறைக்கும் சுற்றி மதில் இருக்கு. அங்க ஆளை வெளியில விடேல்லை, உள்ளுக்கை வேற மாதிரி வச்சிருக்கினம். இது ரெண்டு பேருக்கும் விளங்கேல்லையோ?

கறார்பேர்வழி:
எழுத்துப்பிழை திருத்த வந்தவருக்கு வணக்கம். நாங்கள் படித்த புவியியல் புத்தகத்தில் நார்வேதான்.

யாழ்ப்பறவை:
புத்தகம் பிழை எண்டால் நான் என்ன செய்யிறது. அந்த நாட்டுச் சனம் 'நோ' எண்டுதான் தொடங்கும்.

மின்மினி:
காலில் மாட்டுகிற மின்னணுப் பட்டையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. 1983இல் நியூ மெக்சிகோவில் ஒரு நீதிபதி சித்திரக்கதையில் பார்த்துவிட்டுத்தான் அதைக் கொண்டுவந்தாராம். வீட்டிலேயே கிடப்பான், வேலைக்கும் போவான், குறித்த எல்லையைத் தாண்டினால் தெரிந்துவிடும்.

ஊர்க்குருவி:
தாண்டினால் தெரியும். வீட்டுக்குள்ளேயே பெண்டாட்டியை அடித்தால் அந்தப் பட்டைக்குத் தெரியுமா?

மின்மினி:
அது நியாயமான கேள்விதான். ஆனால் சில்லறைத் திருட்டுக்காரனுக்கு?

தராசுமுள்:
சில்லறைத் திருட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஸ்காட்லாந்தில் 12 மாதமோ அதற்குக் குறைவாகவோ சிறை விதிப்பதைக் கூடிய மட்டும் தவிர்க்க வேண்டும் என்று 2019இலிருந்து விதி. மூன்று மாதம் உள்ளே போனவனுக்கு வேலை போகும், வாடகை வீடு போகும், உள்ளே நாலு புதுக் கூட்டாளி கிடைப்பான். அமெரிக்க அறிக்கையிலும் சொத்துக் குற்றத்துக்காக உள்ளே போனவர்களில் 82.1 சதவீதம் மறுபடி கைதானார்கள், வன்முறைக்காகப் போனவர்களில் 71.3தான். "திருடனை விடு, அடித்தவனை அடை" என்று சுலபமாகப் பிரிப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கறார்பேர்வழி:
ஆஹா! கைதுக் கணக்கு இப்போது இனிக்கிறது! நான் சொன்னபோது கசந்தது. 71.3 என்றால் பத்தில் ஏழு பேர். அதைக் குறைவு என்று சொல்ல உங்களால்தான் முடியும். அடிதடிக்காரன் நீண்ட காலம் உள்ளே இருந்துவிட்டு வயதாகி வெளியே வருகிறான், துள்ளல் அடங்கியிருக்கும். அடக்கியது எது? நீங்கள் வேண்டாம் என்கிற அதே சிறை. இதையெல்லாம் யோசிக்காமல் எண்ணைத் தூக்கி வீசுவது உங்கள் வாடிக்கை. மரண தண்டனை பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான். நான் ஆதாரம் கேட்டதும் பதிவை அழித்துவிட்டு ஒரு வாரம் காணாமல் போனீர்கள். மறந்துவிடுவோம் என்று நினைத்தீர்களா?

தராசுமுள்:
அழிக்கவில்லை, திருத்தினேன். நீங்கள் அங்கே பயன்படுத்திய வார்த்தையை இங்கே எடுத்துப் போடட்டுமா?

கறார்பேர்வழி:
போடுங்கள். அதோடு 20 எப்படி வந்தது என்பதையும் போடுங்கள்.

நெய்தல்:
பூட்டுக் கேள்வியைக் கேட்டு இரண்டு மணி நேரம் ஆகிறது.

யாழ்ப்பறவை:
நான் கேட்டதுக்கும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. எழுத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்.

கறார்பேர்வழி:
எழுத்தைப் பிடித்தது யார் அம்மணி? நானா?

யாழ்ப்பறவை:
நான் அம்மணி இல்லை, ஐயா.

தராசுமுள்:
எனக்கு வேலை இருக்கிறது. 20க்கான விளக்கத்தை நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

கறார்பேர்வழி:
அந்த இழையிலும் நாளைக்கு என்றுதான் சொன்னீர்கள்.