அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓய்விலிருக்கும்போது எந்தப் பின்னல் வேலை ஏற்றது?

கேள்வி: திருவையாற்று வாசகி

அனைவருக்கும் வணக்கம். கருப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை முடிந்து இன்றோடு 12 நாட்கள் ஆகின்றன. வயிற்றைத் திறந்து செய்த சிகிச்சை என்பதால் 6 வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக்கூடாது, குனிந்து நிமிரும் வேலை எதுவும் செய்யக்கூடாது என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். சம்பா நடவு நடக்கிற ஐப்பசியில் வீட்டுக்காரரும் மகனும் வயலுக்குப் போய்விட, நான் மட்டும் கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து முற்றத்தில் விழும் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது எனக்குப் பழக்கமே இல்லாத வேலை.

பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தபோது கன்னியாஸ்திரீ ஒருவர் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு 38 ஆண்டுகளாக ஊசியைத் தொட்டதில்லை. நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களையும் கை மறக்கவில்லை. கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், கூட்டுவதும் குறைப்பதும் அடியோடு மறந்துவிட்டன. மகளுக்குத் தை மாதம் பிரசவம் என்பதால், ஆசைப்பட்டு 8ஆம் நாளே குழந்தை ஸ்வெட்டர் ஒன்றைத் தொடங்கினேன். நீள ஊசிகளின் குமிழ் முனைகள் ஒவ்வொரு வரிக்கும் தலையணையில் இடித்து, அந்த அதிர்வு தையல் போட்ட இடம்வரை வந்தது. வலி மாத்திரை போட்ட பிறகு கண்ணி எண்ணினால் 58, 61, 59 என்று ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வந்தது. கடைசியில் நூல் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டோட, என்னையறியாமல் குனிந்துவிட்டு, நாத்தனாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதற்கெல்லாம் மேலாக, குழந்தை பிறப்பதற்கு முன்னால் சட்டை, குல்லாய் எதுவும் தயார் செய்யக்கூடாது என்கிறார் மாமியார். அவர் மனம் கோணவும் வேண்டாம், எனக்குப் பொழுதும் போக வேண்டும். இந்த நிலையில் என்ன பின்னலாம், எந்த நூலில் பின்னலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தையலாசிரியை, மயிலாடுதுறை

சகோதரி, நீங்கள் எடுத்த ஸ்வெட்டரை அவிழ்த்து நூலைச் சுற்றி வைத்துவிடுங்கள். உங்கள் கையில் குறையில்லை, வேலைதான் தவறான வேலை. உடம்பு தேறும்வரை எடுக்கும் பின்னலுக்கு அழகைப் பார்க்காமல் மூன்றைப் பார்க்க வேண்டும்: மடியில் கனம் சேரக்கூடாது, எண்ணிக்கை கேட்கக்கூடாது, எந்த வரியில் நிறுத்தினாலும் மறுபடி எடுக்கும்போது எங்கே விட்டோம் என்று தேடவைக்கக்கூடாது. ஸ்வெட்டரில் இந்த மூன்றுமே நடக்காது.

நான் சொல்வது சதுரத் துண்டுகள். 4 மில்லிமீட்டர் ஊசியில் நடுத்தரப் பருமனுள்ள நூலால் 20 கண்ணிகள் ஏற்றி (ஊசியில் புதிதாகப் போட்டு), இரு பக்கமும் நிட் மட்டுமே பின்னிக்கொண்டு போங்கள், பர்ல் வேண்டாம். இப்படிப் பின்னினால் துணியில் வரப்பு வரப்பாக மேடுகள் எழும்பும், இரண்டு வரிக்கு ஒரு வரப்பு. 20 கண்ணிக்கு 20 வரப்பு வந்தால் அது கிட்டத்தட்டச் சரியான சதுரம், பக்கத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர். வரப்பைக்கூட எண்ண வேண்டாம். ஒரு மூலையைப் பிடித்துக் கோணலாக மடித்துப் பாருங்கள், விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் துண்டு முடிந்தது, கண்ணிகளை அவிழாதபடி முடித்து அடைத்துவிடலாம். ஒரு துண்டின் எடை சுமார் 6 கிராம்தான். அகலத்துக்கு 6, நீளத்துக்கு 8 என்று 48 துண்டுகளை இணைத்தால் 60க்கு 80 சென்டிமீட்டரில் ஒரு குழந்தைப் போர்வை கிடைக்கும். உங்கள் மாமியாரின் கவலைக்கும் இதுவே வழி. பிறப்பதற்கு முன் உங்களிடம் இருப்பவை வெறும் துண்டுகள், குழந்தைக்கான பொருள் என்று எதுவும் இல்லை. பிறந்த பிறகு இணைத்தால்தானே அது போர்வை? நான் என் பேத்திக்கு அப்படித்தான் செய்தேன், எங்கள் வீட்டிலும் இதே பேச்சு எழுந்தது.

துண்டு பின்னிச் சலித்தால் நடுநடுவே ஒரு பிடிதுணி பின்னுங்கள். மறந்துபோன கூட்டலும் குறைத்தலும் அதிலேயே கைக்கு வந்துவிடும். 4 கண்ணி ஏற்றி ஒரு வரி பின்னுங்கள். அடுத்த வரியிலிருந்து ஒவ்வொரு வரியிலும் முதல் 2 கண்ணியை நிட் செய்து, நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றி, மீதியை நிட் செய்தால் வரிக்கு ஒரு கண்ணி கூடும். 44 ஆனதும் திருப்பம்: 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்றாக நிட், ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து நிட், பிறகு வரி முடிய நிட். வரிக்கு ஒன்று குறைந்து 4 கண்ணியில் வந்து நிற்கும், அடைத்துவிடுங்கள். ஓரங்களில் துளை வைத்த, ஒரு சாணைவிடச் சிறிய சதுரம் கிடைக்கும். பிடிதுணியை மட்டும் பருத்தி நூலில்தான் பின்ன வேண்டும். கடைகளில் உல்லன் என்று கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. சூடான பாத்திரம் பட்டால் உருகிக் கையில் ஒட்டும்.

ஊசியைப் பற்றி ஒன்று. ஃபேன்சி ஸ்டோரில் இன்னும் பழைய எண் கணக்குதான். எண் ஏற ஏற ஊசி மெலியும். 8ஆம் எண் என்றால் 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் என்றால் 3.25. நீங்கள் 8ஆம் எண்ணில் வட்ட ஊசியாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு குட்டை ஊசிகளை நடுவில் ஒரு மெல்லிய வடம் இணைத்திருக்கும். அதில் நேராகத் திருப்பித் திருப்பிப் பின்னலாம், வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்பதில்லை. இடிக்கக் குமிழ் இல்லை, பின்னிய துணியின் கனமும் கையில் தொங்காமல் மடியில் கிடக்கும். கடைக்கு யாரையாவது அனுப்பும்போது 100 கிராம் பந்து நான்கையும் ஒரே தடவையில், உறைமேல் சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்குப் போடும் எண்) ஒன்றாக இருக்கும்படி வாங்கிவரச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இப்போது துலா ஸ்நானம் என்ற ஐப்பசிக் காவிரி நீராடலுக்கு வரும் கூட்டம், கடைவீதிக்குள் நுழையவே முடியவில்லை. உங்கள் பக்கம் அந்தத் தொல்லை இருக்காது.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற செவிலியர், நாகப்பட்டினம்

ஆசிரியை அம்மா சொன்னவை எல்லாம் சரி. நான் உட்காரும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கட்டிலில் கால் நீட்டி, கழுத்தைக் குனிந்து பின்னாதீர்கள். முதுகு சாய்ந்திருக்கும் நாற்காலியில் அமர்ந்து, பாதங்கள் தரையிலோ முக்காலியிலோ படும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முழங்கைகளுக்கு அடியிலும் சிறு தலையணை, மடியில் இன்னொன்று. மடித் தலையணையின்மேல்தான் வேலை கிடக்க வேண்டும், தையல் போட்ட இடத்தின்மேல் கிடக்கக்கூடாது. இருமலோ தும்மலோ வந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அதே தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

பின்னல் வேலையில் எனக்குள்ள பயம் ஒன்றுதான்: நேரம் போவதே தெரியாது. அறுவைக்குப் பிறகு நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அதனால் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கூடத்தைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள், உட்கார்ந்திருக்கும்போதும் கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமோ, கெண்டைச் சதையில் வலியோ, திடீரென மூச்சுத் திணறலோ கண்டால் பின்னலை அப்படியே போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மறுமொழி 3: மன்னார்குடி வாசகர், வயது 67

எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருதயத்தில் பைபாஸ் செய்தார்கள். நெஞ்செலும்பு ஒன்றுசேரும்வரை கையை உயர்த்தாதே, எதையும் இழுக்காதே என்று கட்டுப்பாடு. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு செய்ய முடிந்த வேலை இது என்பதால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மனைவியிடம் ஊசி பிடிக்கக் கற்றேன். மார்கழிப் பனியில் கோயிலுக்குப் போக ஒரு மஃப்ளர் வேண்டும் என்று 30 கண்ணி ஏற்றித் தொடங்கினேன். ஒரு முழம் வளர்ந்த பிறகு பார்த்தால் மஃப்ளர் வாழையிலைபோல ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்றிருந்தது. எண்ணினால் 47 கண்ணி. நானாக எதையும் கூட்டவில்லையே என்று இரண்டு நாள் குழம்பினேன்.

பிழை எங்கே என்று மனைவிதான் கண்டுபிடித்தார். வரி முடிந்து திருப்பியதும் நூலை ஊசியின் மேல்வழியாகப் பின்பக்கம் இழுத்திருக்கிறேன். அப்படி இழுத்தால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலேறி வந்து இரண்டு கண்ணிகள்போல் தோன்றும், தெரியாமல் இரண்டையும் பின்னிவிடுவோம். திருப்பியதும் நூலை ஊசிக்குக் கீழே முன்பக்கம் தொங்கவிட்டு, ஊசியை நுழைத்த பிறகு பின்னால் கொண்டுபோனால் இந்தத் தவறு வராது. சகோதரிக்கு 58 என்றும் 61 என்றும் கணக்கு மாறியதற்கு மாத்திரை மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன், இதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நூல் பந்துக்கு எங்கள் வீட்டு வழி எவர்சில்வர் தூக்கு. பந்தை உள்ளே போட்டு, மூடியைச் சற்றுத் திறந்து வைத்து நூல் முனையை வெளியே எடுத்துக்கொண்டால் போதும். பந்து உள்ளேயே லொடலொடவென்று சுழலும், ஓடாது. தூக்கைப் பக்கத்து முக்காலியில் கை எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும், தரையில் வைத்தால் பயனில்லை.

மறுமொழி 4: கும்பகோணத்து வாசகி

மாத்திரை மயக்கம் இருக்கும் முதல் வாரங்களில் இரண்டு ஊசிப் பின்னலைவிடக் குரோஷா நல்லது என்பது என் கருத்து. கொக்கி ஊசியில் எந்த நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். பாதியில் கண்ணயர்ந்தாலும் 20 கண்ணிகளும் ஊசியிலிருந்து நழுவி ஓடாது. குடல்வால் அறுவைக்குப் பிறகு நான் அப்படித்தான் சமாளித்தேன். பூத்தொடுக்கத் தெரிந்தவர்கள் பயப்படவே வேண்டாம். இடக்கை விரலில் நாரைச் சுற்றி இழுத்தும் தளர்த்தியும் பிடிக்கிறோமே, குரோஷாவில் நூல் பிடிப்பதும் ஏறக்குறைய அதே பிடிதான். ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள் என்று யாராவது வயர்க்கூடை போடச் சொல்வார்கள். ஒவ்வொரு முடிச்சையும் பலமாக இழுத்து இறுக்க வேண்டிய வேலை அது. அந்த இழுப்பு வயிற்றில்தான் போய் நிற்கும்.

திருவையாற்று வாசகி

எல்லோருக்கும் மிக்க நன்றி. மன்னார்குடி ஐயா சொன்னது அப்படியே உண்மை. வரியின் தொடக்கத்தில் நூலை மேல்வழியாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் தஞ்சாவூர் போனபோது 8ஆம் எண் வட்ட ஊசியும், இளமஞ்சளில் ஒரே சாயத்தில் நான்கு பந்துகளும் வாங்கிவந்தார். ஆறு நாட்களில் 9 துண்டுகள் முடிந்திருக்கின்றன. குரோஷாவை அடுத்து முயல்வேன். மாமியார் முதல் துண்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன, சாமி விளக்குக்கு அடியில் போடவா?" என்று கேட்டார். நானும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஒரு சந்தேகம்: இணைப்பது எப்படி? மழை ஈரத்தில் விரல்கள் வியர்த்து ஊசியில் நூல் ஒட்டுகிறதே, அதற்கு என்ன செய்வது?

மயிலாடுதுறை தையலாசிரியை

விரல்களைத் துடைத்துவிட்டுத் துளி முகப்பவுடர் தடவிக்கொண்டால் ஒட்டாது. மரக்கட்டைபோல இறுக்கிப் பின்னாதீர்கள். கண்ணி ஊசியில் தாராளமாக நகர வேண்டும்.

இணைப்பதைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். ஒவ்வொரு துண்டை முடிக்கும்போதும் நூலை ஒட்ட நறுக்காமல் 30 சென்டிமீட்டர் வால் விட வேண்டும். அந்த வாலையே மொண்ணை முனைத் தையல் ஊசியில் கோத்து, இரண்டு துண்டுகளையும் அருகருகே வைத்து, இந்தப் பக்கத்து விளிம்பில் ஒன்று, அந்தப் பக்கத்து விளிம்பில் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்து இழுத்தால் தையல் உள்ளே மறைந்துவிடும். முதலில் 8 துண்டுகள் கொண்ட 6 பட்டைகள், பிறகு பட்டைகளை நீளவாக்கில் புது நூலால் சேர்க்க வேண்டும். முடித்த 9 துண்டுகளையும் ஒட்ட நறுக்கியிருந்தாலும் கவலையில்லை. ஒவ்வொரு பட்டையிலும் கடைசித் துண்டுக்கு வால் தேவைப்படாது, ஆகவே 6 துண்டுகள் அங்கே போய்விடும். மீதி மூன்றுக்கு மட்டும் தனி நூல் கோத்துக்கொள்ளுங்கள். 10ஆவது துண்டிலிருந்து வால் விடுங்கள்.