ஏர்பேக் விரியவில்லை, வழக்குப் போட வழி சொல்லுங்கள்

பாபநாசம் பக்கம் என் மச்சானின் கார் புளியமரத்தில் நேராக மோதியது. ஏர்பேக் விரியவே இல்லை. விலா எலும்பு முறிந்து, குறுவை நடவு நேரத்தில் படுக்கையில் கிடக்கிறார். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய வண்டிக்கு, 'மோதிய வேகம் போதாது' என்று கம்பெனி கைவிரிப்பது அநியாயம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம், நாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும் என்பது வரை படித்துவிட்டேன். 2022-இல் உச்ச நீதிமன்றமும் ஏர்பேக் விரியாத வழக்கொன்றில் கார் உரிமையாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வண்டியைப் பிரிக்க விடாமல் வைத்திருக்கிறோம். நாமே ஆள் வைத்து ஆய்வறிக்கை வாங்க வேண்டுமா, ஆணையமே ஆய்வுக்கு அனுப்புமா? அப்புறம், இன்சூரன்ஸ் பணத்தை இப்போது வாங்கினால் வழக்குக்குப் பாதகம் வருமா? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இப்படி வழக்கு நடத்திய வக்கீல் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.