ஆவாரம்பூ, வெந்தயம், பாகற்காய்ச் சாறு: சர்க்கரை மாத்திரையோடு எது ஆகும், எது ஆகாது?

கண்டனூர் மருமகள்:

எங்க அத்தைக்கு வயசு 64. மெட்ஃபார்மின் 500 காலையும் ராத்திரியும், கிளிமிபிரைடு 1 மி.கி. காலையில மட்டும். கடைசியா எடுத்த ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சர்க்கரை) 8.1. மாத்திரையைக் கூட்டணும்னு டாக்டர் சொல்றார், அத்தைக்கு மனசில்லை. வளவுக்கு வர்றவங்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்றாங்க: வெறும் வயித்துல பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ டீ, வெந்தயத் தண்ணி, சிறுகுறிஞ்சான் பொடி, சாதத்துக்குப் பதிலா கவுனி அரிசி. கொல்லையில இன்சுலின் செடியும் வச்சாச்சு. எதைச் செய்யலாம், எவ்வளவு, எதுல ஆபத்து, கேக்குதான்னு எப்படிப் பார்க்கறது? "எல்லாம் சும்மா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடாதீங்க.

மருந்தாளுநர்:

நீங்க சொன்னதுல முதல்ல கவனிக்க வேண்டியது கிளிமிபிரைடு. மெட்ஃபார்மின் தனியா இருந்தா சர்க்கரை பெரும்பாலும் தாழ்நிலைக்குப் போகாது. கிளிமிபிரைடு அப்படியில்லை. ரத்தத்துல சர்க்கரை குறைவா இருந்தாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். காலையில மாத்திரை, அதோட ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு, பூஜை முடிச்சுப் பத்து மணிக்குப் பலகாரம்: இந்த வரிசைதான் ஆபத்து. மாத்திரை போட்ட கையோட சாப்பிடணும்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சு குழறினா உடனே மீட்டர்ல பாருங்க. 70-க்குக் கீழே இருந்தா 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணில கரைச்சுக் குடுக்கணும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்த்து, ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறினதும் இட்லியோ சாதமோ சாப்பிட வைங்க. நினைவில்லாம இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. கிளிமிபிரைடு பல மணி நேரம் வேலை செய்யும். தெளிஞ்ச பிறகும் சர்க்கரை திரும்ப இறங்கலாம், அதனால அன்னிக்கே டாக்டரிடம் காட்டணும்.

பாகற்காயைப் பொரியலாவும் கூட்டாவும் தாராளமா சாப்பிடட்டும். சர்க்கரை குறையுதுன்னு சொல்லப் போதிய ஆதாரமில்லைன்னுதான் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுற காக்ரேன் அமைப்போட 2012 தொகுப்பாய்வு முடிச்சது. (பாகற்காய்ப் புளிக்குழம்புல வெல்லம் போட்டுட்டு "மருந்து" என்பது நம்ம ஊர் வழக்கம்.) கர்ப்பிணிகள் சாறு குடிக்கவே கூடாது. யாராவது சுரைக்காய்ச் சாறு சொன்னா ஒரு துண்டை நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா காயையே குப்பையில போடுங்க. கசக்கும் சுரைக்காய் வாந்தி, ரத்த வாந்தி வரை கொண்டுபோகும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். எச்சரிச்சிருக்கு.

நாட்டுமருந்துக்கடை:

வெந்தயத்தை ஊறவச்சுத் தண்ணியை மட்டும் குடிச்சு விதையைக் கொட்டிட்டா பாதி விஷயம் குப்பைக்குப் போச்சு. சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிற வழவழப்பான நார் விதையிலதான் இருக்கு. ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 4 கிராம். ஆய்வுகள்ல கொடுத்தது நாளுக்கு 10 முதல் 25 கிராம், சிலதுல அதுக்கும் மேல. அதனால ஒரு டீஸ்பூன்ல ஆரம்பிச்சு, வாரத்துக்கு ஒரு டீஸ்பூனாக் கூட்டி 10 கிராம் வரைக்கும் போகலாம். முந்தின ராத்திரி 150 மி.லி. தண்ணில ஊறப்போட்டு, சாப்பாட்டுக்கு முன்னாடி விதையோட மெல்லணும். எடுத்த எடுப்பில அதிகம் போட்டா வயிறு உப்பும், வாய்வு, பேதி. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்க டாக்டரைக் கேட்காம தொடக்கூடாது. தைராய்டு மாத்திரையோட சேர்த்தும் வேண்டாம்.

ஆவாரம்பூ காய்ஞ்ச இதழ் ஒரு டீஸ்பூன், 200 மி.லி. தண்ணி, அஞ்சு நிமிஷம் கொதி. டீக்கடையில நாட்டுச்சர்க்கரை போட்டுத் தந்தா அது வெறும் சர்க்கரைத் தண்ணிதான். இந்தப் பூ டீயும் சித்த மருத்துவர் எழுதித் தர்ற ஆவாரைக் குடிநீரும் ஒண்ணில்லை. குடிநீர்ல ஆவாரையோட கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை சேரும்.

கடையில "ஆவாரை"ன்னு கேட்டு நிலாவாரை இலை வாங்கிட்டுப் போறவங்க நிறைய. அது பேதி மருந்து. பேதியில உடம்பு வறண்டா சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும், மெட்ஃபார்மின் உடம்புல தேங்கும். சிறுநீரகம் ஏற்கனவே மந்தமா இருக்கறவங்களுக்கு அது பெரிய சங்கடம். பொடியா வாங்காம பூவா வாங்குங்க, கண்ணால பார்த்து எடுக்கலாம்.

பேரில்லாத பொட்டலத்துல, "பத்து நாள்ல மாத்திரையை விட்டுடலாம்"னு வர்ற சூரணத்தைக் கையால தொடாதீங்க. மூலிகைப் பொடியில கிளிபென்கிளமைடு மாதிரி சர்க்கரையை இறக்குற ஆங்கில மாத்திரையை அரைச்சுக் கலந்து வித்தது பல நாடுகள்ல பிடிபட்டிருக்கு. அப்படிப்பட்ட பொடி "கேக்கும்". அதுதான் பயம்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்னா அரை மணி, ஒரு மணி நேரத்துக்குச் சீனி மண் மாதிரி இருக்கும். பலகாரத்துல கை போகாம இருக்க உதவும். அதையே கேப்சூலா முழுங்கினா நாக்குல படாது, அந்த ஒரு லாபமும் போச்சு.

புதுவயல்:

ஆங்கில மருந்துதான் கிட்னியைக் கெடுக்குது. மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது. இவ்வளவு பயமுறுத்தணுமா?

மருந்தாளுநர்:

தம்பி, கிட்னியைக் கெடுக்கிறது வருஷக்கணக்கா ஏறிக் கிடக்கிற சர்க்கரையும் ரத்த அழுத்தமும். சிறுநீரகம் கெட்ட பிறகு மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பாங்க, அதைப் பார்த்துட்டு மாத்திரை மேல பழி போடறோம். அந்த மெட்ஃபார்மினுக்கு மூலமே ஐரோப்பாவுல வளர்ற கலேகா அஃபிசினாலிஸ்னு ஒரு பச்சிலைதான். அளவு தெரிஞ்ச பச்சிலை, அவ்வளவுதான் வித்தியாசம். இன்சுலின் செடியில இன்சுலின் கிடையாது. இருந்தாலும் வயித்துல போனா செரிச்சுப் போயிடும், அதனாலதானே ஊசி.

ஆய்வகம்:

"கேக்குதா"ன்னு பார்க்க ஒழுங்கு வேணும். பலரும் ஏழு வைத்தியத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சு, மறுநாள் ஒரு தடவை விரல்ல குத்திப் பார்த்துட்டு முடிவு கட்டிடறாங்க.

மாத்திரையை மாத்தாதீங்க. ஒரு வைத்தியத்தை மட்டும் சேருங்க. அதுக்கு முந்தின வாரமே வெறும் வயித்து அளவும், சாப்பாட்டுல முதல் வாய் வச்சதுலேர்ந்து 2 மணி நேர அளவும் எழுதி வச்சிருக்கணும். ரெண்டு வாரத்துலயும் அதே பலகாரம், அதே நேரம். நாலு இட்லி சாப்பிட்ட நாளையும் ரெண்டு தோசை சாப்பிட்ட நாளையும் ஒப்பிடக் கூடாது. குத்தறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவித் துடைங்க. விரல்ல மாம்பழச் சாறு ஒட்டியிருந்தாலே அளவு தாறுமாறா ஏறும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வச்சா ஈரம் பட்டுக் கெட்டுப்போகும்.

மீட்டருக்கே 100-க்கு மேல 15 சதவீதம் வரை விலகல் அனுமதி உண்டு. உண்மையில 180 இருந்தா 153-ம் காட்டலாம், 207-ம் காட்டலாம். அதனால 180 ஒரு நாள் 160 ஆனதை வச்சு ஆவாரம்பூவுக்கு மாலை போடாதீங்க.

ஹெச்பிஏ1சி மூணு மாசம் கழிச்சுத்தான். ரத்தசோகை இருக்கான்னு ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்க. இரும்புச்சத்துக் குறைவுல ஹெச்பிஏ1சி கூடுதலாக் காட்டும், ரத்தப் போக்கு இருந்தா குறைச்சுக் காட்டும். சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினினும் ஒரு தடவை எடுத்துடுங்க.

அடுப்படி ஆச்சி:

வைத்தியம் பேசினீக, தட்டை யாரும் பேசலை. கவுனி அரிசியில தவிட்டுத்தோல் இருக்கு, வெள்ளை அரிசியை விட நல்லதுதான். ஆனாலும் நூறு கிராம் அரிசியில முக்கால் பங்கு மாவுச்சத்து. நம்ம வீட்டுல அதை எப்படிச் செய்யறோம்? ராத்திரி ஊறவச்சு, குக்கர்ல குழைய வேகவச்சு, ஒரு கப்புக்கு முக்கால் கப் சீனி, நெய், தேங்காய்ப்பூ. அதைச் சாப்பிட்டுட்டு "கவுனி சர்க்கரைக்கு ஆகும்"னா எப்படி? சீனியில்லாமச் சாதமா வடிச்சு ஒரு சின்னக் கிண்ணம், கூடவே கீரை மசியலோ அவரைக்காய்ப் பொரியலோ ரெண்டு பங்கு, கொஞ்சம் மீனோ பருப்போ வச்சுக்கிடலாம். கருப்பட்டிக் கும்மாயமும் இனிப்புத்தான். கருப்பட்டியும் வெல்லமும் ரத்தத்துல சீனி மாதிரிதான் ஏறும். பணியாரம் எண்ணிக்கை இல்லாமப் போகுமே, அதையும் அத்தையிடம் கேளுங்க.

கண்டனூர் மருமகள்:

பணியாரத்துக்கு அத்தை கணக்கே வச்சுக்கறதில்லை ஆச்சி. வெந்தயம் மட்டும் ஆரம்பிக்கறோம், சாறும் பொடியும் வேண்டாம்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் கண்புரை ஆபரேஷன் இருக்கு, வெந்தயத்தை நிறுத்தணுமா?

மருந்தாளுநர்:

அறுவை சிகிச்சைக்கு முன்னாடி என்ன மூலிகை, எவ்வளவு சாப்பிடறாங்கன்னு கண் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. மருந்தளவு வெந்தயத்தை ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தறது நல்லது, தாளிதத்துக்குப் போடறதை நிறுத்த வேண்டாம். அன்னிக்குக் காலையில பட்டினி இருக்கச் சொன்னா கிளிமிபிரைடு போடலாமான்னு முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்குங்க. வீட்டு பட்ஜெட்ல மாத்திரை கனமா இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே இலவசமாக் கொண்டுவந்து தர்றாங்க.