மறு: டிராக்டர் ஃபோர்க் – முன்கவை, பின்கவை போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

டிராக்டரில் மாட்டிச் சரக்கைத் தூக்கும் இரட்டைக் கரக் கருவியான ஃபோர்க்குக்கு, நம் கையேட்டுச் சொற்பட்டியலில் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே இந்த இழை. 'கவை' என்று இழையைத் தொடங்கிய ஐயா சொன்னதே எனக்கும் சரியாகப் படுகிறது. கிளை இரண்டாகப் பிரியும் இடம் கவை. கவைக்கொம்பு, கவட்டை எல்லாம் நம் வாயில் இன்னும் புழங்குகிற சொற்கள். இடையில் ஒருவர் 'முள்' என்று எழுதியிருந்தார். அதை நான் ஏற்கமாட்டேன். முள் என்றால் குத்த வேண்டும். இந்தக் கருவி எதையும் குத்துவதில்லை. சரக்கை அடுக்கி வைக்கும் பலகைத்தட்டான பேலட்டின் மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே உள்ள சந்தில் நுழைந்து அடியிலிருந்து தாங்குகிறது. வைக்கோல் உருளையைக் குத்தித் தூக்கும் கூர்முனைக் கம்பி ஒன்று தனியாக இருக்கிறது. முள் என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். இங்கே செலவழித்துவிட்டால் அதற்குப் பெயர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பேலட்டுக்குச் 'சுமைத்தட்டு' என்று வைத்து, முழுப்பெயரைச் 'சுமைத்தட்டுக் கவை' என்று கையேட்டில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அப்புறம் கவை என்று மட்டும் எழுதலாம்.

இனி, நான் எழுத வந்த விஷயம்.

> முன், பின் என்பது வெறும் இடத்தைத்தான் சொல்கிறது. வேலையைச் சொல்லும் பெயர் வேண்டும். உயர்த்துக்கவை, தாழ்கவை என்று வைத்தால் எது எதற்கு என்று பெயரிலேயே விளங்கும்.

விளங்காது. டிராக்டரின் முன்னால் பொருத்தும் தூக்குகருவியான லோடரின் கைகளில் மாட்டும் கவை உயரத் தூக்கும் என்பது உண்மைதான். சிறிய டிராக்டரிலேயே 2 மீட்டருக்கு மேல் போகும். பெரியவற்றில் 4 மீட்டர் வரை எட்டும். பின்னால் மும்முனை இணைப்பில் (கருவிகளை மூன்று முனைகளில் மாட்டித் தூக்கும் அமைப்பு) மாட்டும் கவை பெரும்பாலும் 1 மீட்டரைத் தொடுவதற்குள் நின்றுவிடும். லாரித் தட்டில் சரக்கை ஏற்ற அது போதாது. ஆனால் அதே மும்முனை இணைப்பில் ஹைட்ராலிக் தூண் ஒன்றை மாட்டி, அந்தத் தூணில் கவையை ஏற்றி இறக்கும் அமைப்பும் விற்பனையில் உள்ளது. அது பின்னால்தான் இருக்கிறது, உயரவும் தூக்குகிறது. அதைத் 'தாழ்கவை' என்று எப்படி அழைப்பீர்கள்? உயரம் கருவிக்குக் கருவி மாறும். மாறாதது, எந்தப் பக்கம் சுமை தொங்குகிறது என்பதுதான். ஓட்டுபவரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கணக்காகவே சொல்லிவிடுகிறேன். எடுத்துக்காட்டுக்கு, 2,000 கிலோ எடையுள்ள டிராக்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சில் 800 கிலோ, பின் அச்சில் 1,200 கிலோ. இரண்டு அச்சுக்கும் இடையே 2 மீட்டர். பின்னால் கவை மாட்டி 600 கிலோ தூக்குகிறோம். சுமையின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் நிற்கிறது. 600-ஐ 1.5-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 450. முன் அச்சு அந்த 450 கிலோவை இழந்துவிடும். மீதி 350 தான். டிராக்டரின் எடையில் 20 விழுக்காடாவது முன் சக்கரங்களில் நிற்க வேண்டும் என்பது கையேடுகளில் வழக்கமாக வரும் விதி. இங்கே அது 400 கிலோ. 350-இல் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நம் சொல்லைக் கேட்காது. மேட்டில் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். மூக்கில் எடைக்கட்டி (சமன்செய்யும் பாரம்) மாட்ட வேண்டும், அல்லது சுமையைக் குறைக்க வேண்டும்.

இப்போது அதே 600 கிலோவை லோடரில், முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால் தூக்குங்கள். அதே 450 கிலோ இந்த முறை பின் அச்சிலிருந்து போகிறது. 1,200 என்பது 750 ஆகிறது. முன் அச்சுக்கு 800-உடன் 1,050 சேர்ந்து 1,850 ஆகிறது, லோடரின் சொந்த எடையைக் கணக்கில் எடுக்காமலே. பொதுவாக முன் அச்சும் முன் டயரும் பின்னதைவிட மெலிந்தவை. இன்னொன்று, பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். பின்பக்கம் லேசானால் பிரேக் மிதித்தும் பிடிப்பு இருக்காது. இறக்கத்தில் முன்சுமையோடு போகும்போது நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான். அப்போது முன் சக்கரங்களும் பின் பிரேக்கோடு பிணைந்துவிடும். கூடவே, பின்னால் எடைக்கட்டி இல்லாமல் முன்கவையில் கனமான சுமையைத் தூக்கக் கூடாது.

ஆக, பின்கவை ஸ்டியரிங்கைப் பறிக்கும், முன்கவை பிரேக்கைப் பறிக்கும். 'முன்', 'பின்' என்ற இரண்டு சொற்களும் இந்த எச்சரிக்கையைத் தாங்கி நிற்கின்றன. அவற்றை எடுத்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

> எதை வாங்குவது என்று கேட்பவருக்குப் பெயரால் என்ன பயன்?

நியாயமான கேள்வி. லோடர் ஏற்கெனவே இருந்தால், அடுக்க வேண்டிய வேலை இருந்தால், முன்கவையை எடுங்கள். பார்வையும் முன்னால் இருக்கும், சாய்வை லீவரால் சரிசெய்யலாம். ஒரே ஒரு கவனம்: உயரே போகப் போகக் கவை பின்னோக்கிச் சாயும். தானே மட்டம் பிடிக்கும் அமைப்பு லோடரில் இல்லையென்றால், சுமை கைகளின் வழியே ஓட்டுபவர்மேல் உருண்டு வரக்கூடும்.

லோடர் இல்லை, தோட்டத்துப் பழப்பெட்டியை வரிசையிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுவந்தால் போதும் என்றால் பின்கவையே அழகு. ஒரு சட்டம், இரண்டு கவைவிரல், மூன்று முளை, அவ்வளவுதான். ஆனால் பழக வேண்டும். கழுத்தைப் பின்னால் திருப்பி, கால் கிளச்சில் பாதி அழுத்தத்தில் நிற்க, விரல்நுனி பலகையின் சந்தில் நுழைகிறதா, பலகையையே இடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பின்வாங்க வேண்டும். சாய்வு சரியில்லை என்றால் இறங்கிப் போய், மும்முனை இணைப்பின் மேல்கம்பியான டாப் லிங்கைக் கையால் முறுக்க வேண்டும். ஹைட்ராலிக் டாப் லிங்க் போட்டால் அந்தத் தொல்லை தீரும். பக்கச் சங்கிலியையும் இறுக்கிக் கட்டுங்கள், இல்லையேல் சுமை இடவலமாக ஆடும். பழத்தோட்டங்களில் முன்னும் பின்னும் கவை மாட்டி, பக்கத்துக்கொரு பெட்டியாக எடுத்துப் போவதும் உண்டு. ஒன்றுக்கொன்று எடைக்கட்டியாகிவிடும்.

விலைப்பட்டியலில் போட்டிருக்கும் தூக்குதிறனை அப்படியே நம்ப வேண்டாம். பின்னால் என்றால் பெரும்பாலும் இணைப்பு முனையில் அளந்தது. அங்கிருந்து 610 மில்லிமீட்டர் தள்ளி அளந்த எண் வேறு, அது குறைவாக இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். லோடரிலும் இதே கதை, கைநுனியின் இணைப்பு முளையில் அளந்தது ஒன்று, கவையின் மேல் அளந்தது ஒன்று. நம் சொற்பட்டியலில் இதற்கும் ஒரு பதிவு வேண்டும். சுமையின் எடைமையம் கவைவிரல் தொடங்கும் நிமிர்ந்த முகப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற அளவுக்குச் 'சுமைமையத் தொலைவு' என்று எழுதியிருக்கிறேன்.

பட்டியலுக்கு என் வரைவு:

முன்கவை: டிராக்டரின் லோடர் கைகளில் மாட்டும் சுமைத்தட்டுக் கவை. பின் சக்கரங்களின் எடையைக் குறைக்கும்.

பின்கவை: டிராக்டரின் மும்முனை இணைப்பில் மாட்டும் சுமைத்தட்டுக் கவை. முன் சக்கரங்களின் எடையைக் குறைக்கும்.

கவைவிரல்: கவையின் நீண்ட தனிக்கரம், சுமைத்தட்டின் சந்தில் நுழைவது.

அந்த ஹைட்ராலிக் தூணுக்கு 'ஏறுதூண்' என்று எழுதிப் பார்த்தேன். ஏறுவது தூணா, கவையா என்ற குழப்பம் வருகிறது. 'தூக்குதூண்' பரவாயில்லையா, வேறு நல்ல சொல் இருக்கிறதா? மும்முனை இணைப்போடு நாளும் புழங்குபவர்கள் யாராவது சொன்னால் அதையே போட்டுவிடலாம்.