துடக்குக் கழிவும் பாந்தர்ஸின் கடைசி இரவும்

குழு: அப்பாச்சி வீட்டுக்காரர்
2023

லூட்டன் சித்தி: எல்லோருக்கும் வணக்கம். பேரன் பிறந்த 31ஆம் நாள் துடக்குக் கழிவு வருகிறது. வேலை நாள்தான், ஆனால் நாளை மாற்ற முடியாது. ஐயர் பின்னேரம் 6 மணி என்று சொல்லியிருக்கிறார். ஹோல் எடுக்கவில்லை, வீட்டில்தான். சாப்பாட்டுக்குச் சொல்ல ஆட்கணக்கு வேண்டும். இன்றைக்கே சொல்லுங்கள்.

சின்னண்ணா: நாங்கள் 2

பெரியக்கா: 4. அப்பாவை நான் கூட்டி வருகிறேன் சித்தி.

டொராண்டோ மாமி: பிள்ளையின் படம் ஒன்றையும் இன்னும் காணவில்லை.

லூட்டன் சித்தி: 31 முடியட்டும் மச்சாள். கண்ணூறு பட்டுவிடும்.

டொராண்டோ மாமி: என் கண்ணா?

லூட்டன் சித்தி: ஐயோ அப்படிச் சொல்லவில்லை. தனியாக அனுப்புகிறேன்.

லூட்டன் சித்தி: பிள்ளையின் கழுத்தில் பஞ்சாயுதம் அத்தான் கையால்தான் போட வேண்டும் என்று இவர் சொல்கிறார். அத்தான், பார்த்தீர்களா?

பெரியப்பா: பார்த்தேன் பிள்ளை. நல்ல விஷயம். ஆனால் அன்று இரவு இங்கே பீட்டர்பரோ ஷோகிரவுண்டில் எங்கள் ஸ்பீட்வே அணி பாந்தர்ஸின் கடைசி ஓட்டம். இந்த வருடத்துக் கடைசி இல்லை, அந்த ஓடுதளத்துக்கே கடைசி. பின்னேரம் 6 மணிக்கு லூட்டனில் இருந்தால் நான் இங்கே வந்து சேர முடியாது.

சின்னண்ணா: அப்போ அந்தக் கதை உண்மையா? வீடு கட்டப் போகிறார்களாம் என்று கேள்விப்பட்டேன்.

பெரியப்பா: உண்மைதான். 1970இலிருந்து அதே இடத்தில் ஓடுகிறார்கள். இந்த சீசனோடு சரி.

சித்தப்பா: மோட்டார் சைக்கிளா அண்ணா?

பெரியக்கா: சித்தப்பா, கொஞ்சம் பொறுங்கள்.

சித்தப்பா: நான் ஒன்றும் சொல்லவில்லை. 2021 அக்டோபரிலும் எங்கள் புது வீட்டுக் குடிபூரலில் பால் பொங்கி முடியவில்லை, இவர் காரை எடுத்துவிட்டார்.

பெரியப்பா: அது இறுதிப் போட்டி தம்பி.

டொராண்டோ மாமி: அந்த பிரேக் இல்லாத வண்டியா? உன் மனைவியும் போய் நிற்பாளே, முகமெல்லாம் மண்ணோடு.

பெரியப்பா: ஓம் அக்கா, அதுதான். பிரேக் இல்லை, கியர் ஒன்றுதான், மெதனோலில் ஓடுகிற 500 சிசி வண்டி. இடது சப்பாத்தின் அடியில் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள். அந்தக் காலை நிலத்தில் வைத்து, பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத்தான் வளைவை எடுப்பார்கள். ஹீட் என்கிற ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நாலு பேர், அணிக்கு இரண்டு பேர், நாலு சுற்று. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலாவதாக வருபவருக்கு 3, பிறகு 2, 1, கடைசி ஆளுக்கு ஒன்றும் இல்லை. இப்படி 15 ஹீட். என் மனைவிதான் புரோகிராமில் புள்ளி எழுதுவாள். பெட்டி பெட்டியாக அச்சடித்திருக்கும். மழைத் தூறலில் பேனா எழுதாவிட்டால் கண்பென்சிலை எடுத்து எழுதுவாள்.

பெரியக்கா: அந்தப் புரோகிராம்கள் எல்லாம் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. அப்பா ஒன்றையும் எறிய விடுவதில்லை.

குஞ்சு: பெரியப்பா நானும் வரட்டா

லூட்டன் சித்தி: நீ எங்கே போகிறாய்? உன் அக்காவின் பிள்ளைக்குத்தான் 31.

குஞ்சு: சும்மா கேட்டேன்

சின்னண்ணா: சித்தி, ரோல்ஸ் யாரிடம் சொல்கிறீர்கள்? போன முறை எடுத்த இடத்தில் வேண்டாம். உள்ளே உருளைக்கிழங்கு மட்டும்தான் இருந்தது.

லூட்டன் சித்தி: அங்கே இல்லை. வேறு ஆள். 100 சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

டொராண்டோ மாமி: 31க்கு ரோல்ஸா? மரக்கறிதானே?

லூட்டன் சித்தி: மரக்கறி ரோல்ஸ் மச்சாள்.

சித்தப்பா: அண்ணா, ஒன்று கேட்கிறேன். இந்த வருடம் உங்கள் ஆட்கள் வென்றார்களா?

பெரியப்பா: இல்லை. ஏழு அணியில் நாங்கள் அடியில்.

சித்தப்பா: அதற்குத்தான் வர மாட்டீர்களா?

பெரியப்பா: தம்பி, அடியில் நிற்கிற அணிக்குத்தான் ஆள் வேண்டும். 2021ஐ நினைத்துப் பார். 2020இல் கொரோனாவால் சீசனே இல்லை. அடுத்த வருடம் மே மாதம்தான் தொடங்கினார்கள். ஆறு அணிதான். எங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கொட் நிக்கல்ஸ், ப்யார்ன பெடர்சன் இரண்டு பேருக்கும் 43 வயது. ஹான்ஸ் ஆண்டர்சன், உல்ரிக் ஓஸ்டர்கார்ட் 40. கிறிஸ் ஹாரிஸ் நாற்பதைத் தொடப் போகிறார். இவர்களோடு பாம் டொஃப்ட், சின்னப் பையன் ஜோர்டன் பேலின். கடைசி இடம் இவர்களுக்குத்தான் என்று எழுதினார்கள். கடைசியில் மான்செஸ்டர் அணி பெல் வியூவை வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். 1999, 2006, பிறகு 2021. முதல் பிரிவில் மூன்றே முறைதான். 2006இல் ஓடிய ஹான்ஸ் ஆண்டர்சன் 15 வருடம் கழித்து அதே இடத்தில் திரும்பவும் வென்றார். அதைத்தான் உன் குடிபூரலில் இருந்து ஓடிப் போய்ப் பார்த்தேன்.

சின்னண்ணா: ஹாரிஸ், 2007இல் கார்டிஃபில் கிராண்ட் பிரீ வென்றவர்தானே?

பெரியப்பா: அவரேதான்!

குஞ்சு: வென்ற டீம் எப்படி இரண்டு வருடத்தில் கடைசி?

பெரியப்பா: நல்ல கேள்வி. இங்கே ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் ஒரு சராசரி இருக்கிறது. ஏழு பேரின் சராசரியையும் கூட்டினால் அது ஒரு எல்லையைத் தாண்டக்கூடாது. அந்த எல்லைக்குள்தான் அணி கட்ட வேண்டும். ஒரு சீசன் நன்றாக ஓடினால் எல்லோருடைய சராசரியும் ஏறிவிடும். அடுத்த வருடம் அதே ஏழு பேரையும் வைத்திருக்க இடம் இருக்காது. அதனால் வென்ற அணி தானாகவே உடையும். 2021இல் அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகக் கிடைத்ததே அவர்களின் சராசரி இறங்கியிருந்ததால்தான். ஆள் முடிந்துவிட்டது என்று கணக்குச் சொன்னது. அவர்களுக்கு ஓட்டம் மறக்கவில்லை.

குஞ்சு: wow என்று தமிழில் எப்படி

பெரியக்கா: "அடேயப்பா" 😀

டொராண்டோ மாமி: தம்பி, நீ இவ்வளவு எழுதி நான் பார்த்ததில்லை. உன் மனைவி தவறிய பிறகு "ஓம்", "சரி" என்றுதானே எழுதுவாய்.

பெரியக்கா: உண்மை மாமி.

லூட்டன் சித்தி: அத்தான், பஞ்சாயுதம்?

பெரியப்பா: பிள்ளை, தம்பி தாத்தா முறைதானே. அவன் கையால் போட்டால் என்ன?

சித்தப்பா: அப்பா இருந்திருந்தால் அவர் போட்டிருப்பார். அவர் இல்லை என்றால் மூத்தவர் நீங்கள்தான். எங்கள் வீட்டுக் காரியம் ஒவ்வொன்றிலும் நீங்கள் இல்லாமல் போகிறது அண்ணா. அதுதான் என் பிரச்சினை. மோட்டார் சைக்கிள் இல்லை.

சின்னண்ணா: 🙏

*பெரியப்பா அனுப்பிய செய்தி நீக்கப்பட்டது*

டொராண்டோ மாமி: என்ன அழித்தாய்? எனக்குத் தெரியாமல் ஒன்றும் எழுத வேண்டாம்.

பெரியப்பா: எழுத்துப் பிழை அக்கா.

பெரியப்பா: தம்பி, நீ சொல்வது சரி. ஆனால் இதையும் கேள். 2019இல் ஸ்விண்டன் சாம்பியன். அதற்குப் பிறகு அங்கே ஒரு ஓட்டம் கூட நடக்கவில்லை. கவென்ட்ரியில் 2016ஓடு முடிந்தது. வுல்வர்ஹாம்ப்டனுக்கும் மொன்மோர் கிரீன் ஓடுதளத்தில் இந்த வருடம்தான் கடைசி, இடம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே சீசனில் இரண்டு அணிக்கு நிலம் போகிறது. தோற்றால் அடுத்த வருடம் பார்க்கலாம். ஓடுதளம் போனால் எங்கே போய்ப் பார்ப்பது? 1999இல் இரவு வேலை முடித்துத் தூங்காமல் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். இந்த ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் இடம் அது. நாலாம் வளைவில் நிற்கிற அந்தக் கூட்டத்தோடு கடைசி ஹீட் முடியும் வரை நான் நிற்க வேண்டும்.

பெரியக்கா: அப்பா ❤️

சின்னண்ணா: சித்தி, ஐயரிடம் மத்தியானத்துக்கு நேரம் கேட்டால் என்ன? 12 மணிக்குள் பஞ்சாயுதம் போட்டுச் சாப்பிட்டால் பெரியப்பா 3 மணிக்குப் புறப்படலாம். ஒன்றரை மணி நேரத்தில் பீட்டர்பரோ.

லூட்டன் சித்தி: வேலைக்குப் போகிறவர்கள் எப்படி மத்தியானம் வருவார்கள்? மருமகன் வீட்டுக்காரர்களிடமும் கேட்க வேண்டும்.

சின்னண்ணா: நான் லீவு எடுப்பேன்.

பெரியக்கா: எனக்கு அரை நாள் கிடைக்கும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளின் ஸ்கூல்தான் யோசனை.

டொராண்டோ மாமி: ராகுகாலம் பார்த்தீர்களா? சும்மா 12 என்று சொல்லாதீர்கள்.

லூட்டன் சித்தி: ஐயர் போன் எடுக்கவில்லை. வாய்ஸ் போட்டிருக்கிறேன்.

குஞ்சு: மத்தியானம் என்றால் நான் பெரியப்பாவோடு போகலாம்தானே

லூட்டன் சித்தி: அப்பாவைக் கேள்.

குஞ்சு: அப்பா?

சித்தப்பா: ஸ்கூல் இருக்கிறது.

குஞ்சு: 31க்கு லீவு எடுக்கத்தானே போகிறேன்

பெரியப்பா: அவனை அனுப்பு தம்பி. ஒரு விஷயம் அவனுக்குக் காட்ட வேண்டும். முன்னால் போகிறவன் தனியாக ஓடி 3 எடுத்துவிடலாம். ஆனால் நல்ல ஜோடி என்றால் அவன் வேகத்தை அடக்கி, திரும்பிப் பார்த்து, தன் ஆளை உட்பக்கம் வரவிட்டு, எதிரியை வெளிப்பக்கமாக மறித்துக்கொண்டே ஓடுவான். இரண்டு பேரும் சக்கரத்தோடு சக்கரமாக வந்தால் 5-1. வளைவில் நின்று பார்த்தால்தான் அது தெரியும்.

சித்தப்பா: யோசிக்கிறேன்.

சித்தப்பா: டிக்கெட் எவ்வளவு?

பெரியப்பா: அதை நீ கேட்க வேண்டாம்.

சின்னண்ணா: சித்தப்பாவும் போகிறாரா? 👀

சித்தப்பா: நான் அப்படிச் சொல்லவில்லை. பையனை இரவு யார் திருப்பிக் கொண்டு வந்து விடுவது என்று பார்க்கிறேன்.

பெரியக்கா: குஞ்சு எங்கள் வீட்டில் படுக்கலாம்.

டொராண்டோ மாமி: அப்படியே என் இடியப்பத் தட்டுகளையும் யாராவது தேடுங்கள். 2018இல் வந்தபோது விட்டுப் போனது. பீட்டர்பரோவிலா லூட்டனிலா என்று ஒருவரும் சொல்கிறீர்கள் இல்லை.

லூட்டன் சித்தி: இங்கே இல்லை மச்சாள்.

பெரியக்கா: இங்கேயும் இல்லை மாமி.

பெரியப்பா: புது இடம் தேடுகிறார்கள். கிடைத்தால் பாந்தர்ஸ் திரும்ப ஓடும். அதையும் சொல்லி வைக்கிறேன்.

லூட்டன் சித்தி: ஐயர் எடுத்தார். மத்தியானம் வேறு வீட்டில் ஒரு காரியம் இருக்கிறதாம், அவர்களோடு கதைத்துவிட்டு நாளைக்குச் சொல்கிறாராம். அதுவரைக்கும் இரண்டு நேரத்தையும் மனதில் வையுங்கள். ரோல்ஸ் 80தான் சொல்லியிருக்கிறேன்.

சின்னண்ணா: 80 காணாது

டொராண்டோ மாமி: மத்தியானம் என்றால் இங்கே விடிகாலை. பரவாயில்லை, நான் எழும்புவேன். சூம் லிங்க் மட்டும் முதல் நாளே அனுப்புங்கள், போன முறை மாதிரி கடைசி நிமிடத்தில் வேண்டாம்.