பிளஸ் ஒன் இங்கிலீஷ்: முதல் வாரமே பாடத்தை எடுத்துவிடலாமா?

சாக்பீஸ்_தூசி:
எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடம் பத்தாவது வரை எடுக்கிற பி.டி. ஆசிரியராக இருந்துவிட்டு இந்த ஜூனில்தான் மேல்நிலை வகுப்புக்கான பிஜி ஆசிரியராகி ஒரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்திருக்கிறேன். பிளஸ் ஒன்னில் பயாலஜி குரூப், காமர்ஸ் குரூப் இரண்டையும் இங்கிலீஷுக்கு மட்டும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார்கள், மொத்தம் 58 பேர், பாதிக்கு மேல் பத்தாவது வரை தமிழ் மீடியம். முதல் நாள் எல்லோரையும் எழுந்து தங்களைப் பற்றி இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். மை நேம் இஸ், மை ஃபாதர் நேம் இஸ், ஐ ஆம் கமிங் ஃப்ரம் என்று ஒரே மெட்டில் இருபது பேர் சொன்னார்கள். அடுத்து ஒரு பையன் எழுந்து நின்றான், வாயே திறக்கவில்லை, கடைசி பெஞ்சில் யாரோ சிரிக்க வகுப்பே சிரித்துவிட்டது, எனக்கு அதற்கு மேல் யாரையும் எழுப்ப மனசு வரவில்லை. மறுநாள் ஒரே ஒரு கேள்விதான் வந்தது: "மேம், எந்த கைடு வாங்கணும்?"

எச்.எம். முதல் யூனிட்டை ஜூனுக்குள் முடிக்கச் சொல்கிறார். நேராகப் பாடத்தில் இறங்குவதா, இல்லை அடிப்படை இலக்கணத்திலிருந்து வருவதா?

ரிட்டயர்டு_வாத்தியார்:
மேடம், எழுந்து நின்று அறிமுகம் செய்வதை நானும் பல வருடம் செய்து கெட்டவன்தான். பத்தாவது படித்த ஊரை விட்டுப் புதுப் பள்ளிக்கு வந்திருக்கிற பிள்ளையை, முகம் தெரியாத 57 பேர் முன்னால் இங்கிலீஷில் பேசச் சொன்னால் அது எப்படிப் பேசும்? நமக்கே சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) விசிட்டில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம் ஜூனில் இலக்கணத்தை ஒன்றிலிருந்து வரிசையாக ஆரம்பிக்காதீர்கள். இப்போது இருக்கிற 58 ஆகஸ்டில் அதே 58 ஆக இருக்காது. பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தால் நாலு பேர் டி.சி. வாங்கிப் போவார்கள், பத்தாவது துணைத்தேர்வில் பாஸானவர்கள் அதற்குப் பிறகுதான் வருவார்கள், நடுவில் குரூப் மாற்றுகிறவர்கள் வேறு. டென்ஸை முதல் வாரத்தில் நடத்தினால் ஆகஸ்டில் மறுபடி நடத்த வேண்டும்.

நான் கடைசி சில வருடம் செய்தது இது. ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம், உங்கள் வீட்டில் ஒருவரைப் பற்றி ஐந்து வரி இங்கிலீஷில் எழுதுங்கள், வார்த்தை தெரியாத இடத்தில் தமிழிலேயே எழுதுங்கள் என்பேன். ஒருத்தன் எழுதினான்: "மை ஃபாதர் லாரி டிரைவர். ஹி கம் சண்டே ஒன்லி. ஹி ஸ்லீப், வீ நோ டிவி." தூங்குகிற அப்பாவுக்காக வீட்டில் டிவி போடுவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? கம், ஸ்லீப் இரண்டிலும் எஸ் இல்லை, இன்னும் ஒன்றிரண்டு சின்னக் குறை, அவ்வளவுதான். 'ஹி கம்', 'ஹி ஸ்லீப்' மாதிரி தப்பு எத்தனை தாளில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அதுதான் உங்கள் முதல் இலக்கணப் பாடம். தாளில் சிவப்பு மையை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

சென்டம்_மிஷன்:
சார் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கேள்வித்தாள் 90 மார்க்குக்கு, மீதி 10 அகமதிப்பீடு. 35 தாண்டுமா என்று பயப்படுகிற பையனுக்கு அரைத்தாள் கதை எதற்கு? நான் டியூஷன் எடுக்கிறேன், முதல் நாளே பழைய கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிடுவேன். எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். மினிமம் மெட்டீரியலையும், அதாவது பாஸாகத் தேவையானதை மட்டும் தொகுத்த நோட்ஸையும், கையோடு கொடுங்கள். கைடு கேட்கிற பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் கேட்கிறது.

ரிட்டயர்டு_வாத்தியார்:
கைடு பற்றி நீங்கள் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். கேள்வித்தாளை ஜூலையில் காட்டினால் போதும். ஜூனிலேயே மெட்டீரியலைக் கொடுத்தால் அந்த வருடம் முழுக்க புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள் தம்பி, பார்த்திருக்கிறேன்.

கடைசி_பெஞ்ச்:
நான் ஆசிரியர் இல்லை, பி.காம். இரண்டாம் வருடம். தமிழ் மீடியத்திலிருந்து பிளஸ் ஒன் போய் இதே மாதிரி வாயைத் திறக்காமல் நின்றவன். எனக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை மேம். ரீசார்ஜ் முடிகிறது என்று வரும் மெசேஜ், கேம் செட்டிங்ஸ் எல்லாம் இங்கிலீஷில்தான் படித்தேன். அதெல்லாம் இங்கிலீஷ் கணக்கிலேயே வராது என்று நினைத்திருந்தேன். எங்கள் சார் நான் நின்றதும் சட்டென்று உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போனார், நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அதன் பிறகு இரண்டு வருடம் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள்.

சாக்பீஸ்_தூசி:
ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அரைத்தாள் செய்தேன். 58-இல் 50 வந்தது, மூன்று பேர் முழுக்கத் தமிழில் எழுதியிருந்தார்கள், அதையும் வாங்கிக்கொண்டேன். எச்.எம்.முக்காகப் பாடத்தையும் நிறுத்தவில்லை. முதல் பாடமே குஷ்வந்த் சிங்கின் பாட்டி கதை என்பது வசதியாகப் போய்விட்டது. பேரன் இங்கிலீஷ் பள்ளிக்குப் போனதும் பாட்டியால் பாடத்தில் உதவ முடியாமல் போகிற இடம் வருமே, அங்கே நிறுத்தி, உங்கள் வீட்டில் யார் இங்கிலீஷ் சொல்லித்தருவார்கள் என்று கேட்டேன். ஐந்து பேர் கை தூக்கினார்கள், ஐந்து பேருக்கும் சொல்லித்தருவது அக்காதான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள், இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பையன் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் பாட்டிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டபோது நோட்டில் 'ஸ்பாரோஸ்' என்று எழுதி, நான் பக்கத்தில் போனதும் என் பக்கமாகத் திருப்பி வைத்தான். ஒரு ஆர் விட்டுப்போயிருந்தது. திருத்தவில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சென்டம்_மிஷன் சார், ஜூலைக்குப் பழைய கேள்வித்தாள் இருந்தால் அனுப்புங்கள்.