புதுப்பிப்பு: அப்பாவின் தலைக்காயம், இரண்டாவது ஸ்கேன்

பர்மாவின் மோல்மீன் ஊரில் அப்பா படியில் வழுக்கி விழுந்ததையும், அன்றைய சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதையும் போன மாதம் எழுதியிருந்தேன். "ஸ்கேன் சரியென்றால் பயமில்லை" என்று பலர் ஆறுதல் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலை. கடைக்குக் கிளம்பியவரின் இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. ஒற்றைச் செருப்போடு தெருமுனை வரை போய்விட்டார். அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பேசாமல் என் முன்னால் நின்றார். அன்றே ரங்கூனுக்குக் கூட்டி வந்தோம்.

இந்த ஸ்கேனில் மண்டையோட்டின் வலப்பக்க உட்புறம் பிறை வடிவில் ஒரு கருஞ்சாம்பல் பட்டை, தேங்கிய பழைய ரத்தம். மூளையையே இடப்பக்கம் தள்ளியிருந்தது. புது ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும், சில வாரமானால் மூளையைவிடக் கறுத்துவிடும் என்று டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்குமாம். அதனால் மேலேயுள்ள மெல்லிய சிரைகள் இழுபட்டு, சின்ன அடியிலும் கசிந்து, மெதுவாகச் சேருமாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மண்டையோட்டில் சிறு துளை போட்டு வடித்துவிட்டார்கள். மறுநாளே கால்விரல்களை அசைத்தார்.

முதல் ஸ்கேன் வீண் என்று சொல்ல வரவில்லை. அது அன்றைய நிலையைச் சொன்னது, அவ்வளவுதான். வீட்டில் பெரியவர்கள் விழுந்திருந்தால் தயவுசெய்து இரண்டு மூன்று மாதமாவது அவர்கள் நடையைப் பாருங்கள், பேச்சைக் கேளுங்கள். தலைவலி என்றால் தைலத்தோடு விட்டுவிடாதீர்கள்.

வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள்.